நனைந்த போனை அரிசியில் போட்டு வைக்கலாமா?

கேள்வி இதுதான்: மழையில் வண்டியில் வரும்போது சட்டைப் பையில் இருந்த போன் நன்றாக நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்ப்ளேயில் கோடு கோடாக வந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிட்டது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்க வேண்டும்? நடுவில் சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா? குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

சார்ஜ் போடாதீர்கள். பவர் பட்டனை அமுக்கி "வருகிறதா" என்றுகூடப் பார்க்காதீர்கள். அரிசியில் ஒரு நாள்கூட வேண்டாம், இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். மேலே துடைத்து, சிம் ட்ரேயைக் கழற்றிவிட்டு, இன்றைக்கே சிப் லெவல் வேலை (போர்டில் உள்ள சின்னப் பாகங்களையே பழுதுபார்ப்பது) தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். கோடு வந்து தானாக அணைந்தது என்றால் தண்ணீர் உள்ளே சிப்புகள் பொருத்திய சர்க்யூட் போர்டு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். படங்கள் முக்கியம் என்கிறீர்கள்; அப்படியானால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை யாருடைய போன் நனைந்தாலும் என்ன செய்வது என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

போனைக் கெடுப்பது வெறும் தண்ணீர் அல்ல. சர்க்யூட் போர்டுகளைத் தயாரிக்கும் ஆலைகளில் அவற்றைக் கழுவி உலர்த்துவதும் உண்டு, ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் அப்போது அதில் பேட்டரி இல்லை. ஈரமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் கேடு ஆரம்பிக்கிறது. நம் குழாயில் வருவதும் வானத்திலிருந்து சட்டை வழியாக இறங்குவதும் சுத்தமான தண்ணீர் அல்ல. உப்பு, தூசி, வியர்வை எல்லாம் கரைந்திருக்கும்; அதனால் மின்சாரம் பாயும். முழு சார்ஜில் இருக்கும் லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ கொடுக்கும். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் மின்பகுப்பு தொடங்க, கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். ஆக நனைந்த போனுக்குள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சொட்டு ஈரம் இருந்தால், அங்கே ஒரு குட்டி மின்பகுப்புத் தொட்டியே ஓடத் தொடங்கிவிடும். பிளஸ் பக்கத்துச் செம்பு கரையும். மைனஸ் பக்கத்திலிருந்து மிக மெல்லிய உலோக இழை வளர்ந்துவந்து இரண்டையும் இணைத்துவிடும். அதைத்தான் சர்வீஸ் கடைக்காரர்கள் "ஷார்ட்" என்கிறார்கள்.

இதற்கு நாள் கணக்கு வேண்டியதில்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும். டைப்-சி சார்ஜிங் போர்ட்டுக்குள் 24 பின்கள் வரை இருக்கும். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு அரை மில்லிமீட்டர்தான். அந்தச் சந்துக்குள் ஈரம் இருக்கும்போது 5 வோல்ட் சார்ஜரைச் செருகினாலே பின் கறுத்துவிடும். ஃபாஸ்ட் சார்ஜர் 9 வோல்ட்டும் அதற்கு மேலும் தள்ளும். போன் போர்ட்டில் ஈரம் இருக்கிறது என்று நீர்த்துளிப் படம் காட்டி சார்ஜை நிறுத்திவைப்பது இதற்காகத்தான். அதைத் தட்டிவிட்டு வேறு கேபிளில் முயற்சி செய்யாதீர்கள்.

சரி, நனைந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது? சார்ஜில் இருக்கும்போது தண்ணீரில் விழுந்திருந்தால், போனைத் தொடுவதற்கு முன் சுவரில் சுவிட்சை அணையுங்கள். போனைவிட உங்கள் கை முக்கியம். அப்புறம் எடுத்ததும் போனை ஆஃப் செய்யுங்கள். "வேலை செய்கிறதே" என்று வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பது, வீட்டுக்கு ஒரு கால் அடித்துச் சொல்வது, கேமராவை ஆன் செய்து சோதிப்பது, இதெல்லாம் உள்ளே கரண்டை ஓட விடுவதுதான். ஐபோனில் சைடு பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் அணைக்கும் ஸ்லைடர் வரும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பவர் பட்டனும் வால்யூம் அப்பும். டச் வேலை செய்யவில்லை என்று பட்டனை நீண்ட நேரம் அமுக்கிப் பிடித்தால் பல மாடல்களில் போன் அணையாது. அணைந்து மறுபடி ஆன் ஆகிவிடும். அந்த நிலையில் பட்டனோடு போராடாமல் நேரே கடைக்குப் போவதே மேல்.

போனை ஆஃப் செய்துவிட்டதாலேயே உள்ளே மின்சாரம் முழுக்க நின்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. திரை கறுப்பாக இருந்தாலும் பேட்டரியிலிருந்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசி வரைக்கும் போகும் லைனில் வோல்ட்டேஜ் நின்றுகொண்டேதான் இருக்கும். நீங்கள் பட்டனை அமுக்கினால் விழித்துக்கொள்ள வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பழைய நோக்கியா 1100 காலத்தில் பின்மூடியைத் தள்ளி பேட்டரியை விரலால் எடுத்துவிடுவோம், மின்சாரம் அத்தோடு சரி. அந்த போன்கள் நனைந்தும் பிழைத்ததற்குப் பெரிய காரணம் அதுதான். இன்றைய போனில் பின்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பேட்டரியை எடுக்கக் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் "இன்றைக்கே" என்கிறேன்.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். இதை நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அரிசியில் போட்டேன், மறுநாள் ஆன் ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அங்கே உதவியது அரிசி அல்ல. ஒரு நாள் முழுக்க யாரும் அதை ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல் விட்டுவைத்ததுதான். மேஜைமேல் ஃபேனுக்கு அடியில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் காய்ந்திருக்கும். நம் வீட்டு டப்பாவில் இருக்கும் அரிசியிலேயே 13, 14 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அது எங்கிருந்து இன்னொரு பொருளின் ஈரத்தை இழுக்கப்போகிறது? அதுவும் ஒட்டி மூடிய கண்ணாடிக்கு உள்ளே, தகட்டு மூடிக்குக் கீழே மாட்டியிருக்கும் ஈரத்தை? போதாக்குறைக்கு அரிசி மாவும் குருணையும் சார்ஜிங் போர்ட்டுக்குள் போய், இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து கஞ்சியாக ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024 தொடக்கத்தில் தன் உதவிக் குறிப்பில், ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள், அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று எழுதியது. ஷூ டப்பாவிலும் மருந்து பாட்டிலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் அரிசியைவிட உண்மையாகவே ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அவையும் மூடிய போனுக்குள் எட்டாது.

அரிசி ஈரத்தை உறிஞ்சுகிறதா இல்லையா என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காய்வதால் மட்டும் போன் பிழைப்பதில்லை. தண்ணீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கும். உப்புத் தண்ணீர் பட்ட தரை காய்ந்த பிறகு வெள்ளை பூப்பது போல, போர்டின் மேலும் பூக்கும். மறுபடி பேட்டரி ஓட்டமும் காற்றில் இருக்கும் ஈரமும் சேரும்போது, அந்த உப்பு படிந்த இடம் மெல்ல அரிக்கத் தொடங்கும். நனைந்த பிறகு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த போன், சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் திடீரென்று செத்துப்போவது இப்படித்தான். முதலில் மைக் போகும், அப்புறம் சார்ஜ் ஏறாது, நெட்வொர்க் விட்டு விட்டு வரும், கடைசியில் டெட். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஹேர் டிரையர் வேண்டாம். சூடான காற்று பசையை இளக்கும், பேட்டரியைச் சூடாக்கும், ஓரத்தில் இருக்கும் சொட்டை உள்ளே தள்ளும். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி நம் ஊர் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால், வெளியே வந்ததும் உள்ளே புதிதாக ஈரம் கோத்துக்கொள்ளும். போர்ட்டுக்குள் ஊக்கு, தீக்குச்சி, பஞ்சு எதையும் நுழைக்காதீர்கள். வாயால் ஊதுவதுகூட எச்சில் ஈரத்தை அனுப்புவதுதான். போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள், சொட்டு வெளியே வரும். அப்புறம் அப்படியே சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் ஃபேன் காற்றில் வையுங்கள். ஏசி அறை இருந்தால் நல்லது. அங்கே காற்று உலர்ந்திருக்கும்.

எல்லா நனைதலும் ஒன்றல்ல. ஐபி 68 தரமுள்ள (ஐபி என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு) போன் பக்கெட்டில் விழுந்து, உடனே எடுத்துவிட்டீர்கள், எந்தக் கோளாறும் இல்லை என்றால் அதைத் திறக்காதீர்கள். திறந்தால் ஆலையில் ஒட்டிய சீல் போய்விடும். அணைத்து, துடைத்து, போர்ட் முழுக்கக் காயும்வரை ஒரு நாள் சார்ஜ் போடாமல் விட்டால் போதும். ஆனால் அந்த எண்ணை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி 68 என்றால் அதைவிடக் கடுமையான, கம்பெனியே சொல்லும் ஆழம். சாம்சங் தன் உயர்ரக எஸ் வரிசைக்கு 1.5 மீட்டர் என்கிறது, ஆப்பிள் ஐபோன் 12-இலிருந்து 6 மீட்டர் என்கிறது. இவையெல்லாம் ஆய்வகத்தில், புது போனை, நல்ல தண்ணீரில் அசையாமல் வைத்துப் பார்த்த கணக்கு. கடல் நீர், சோப்பு நீர், நீச்சல் குளத்துக் குளோரின் எதுவும் அதில் சேராது. ஒரு முறை கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருந்தாலோ, வெளிக் கடையில் டிஸ்ப்ளே மாற்றியிருந்தாலோ அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அப்படி சீல் விட்டுப்போன போனுக்குள் தண்ணீர் போய்விட்டால், அதை வெளியே தடுக்க ஒட்டிய பசையே உள்ளே பிடித்தும் வைத்துக்கொள்ளும். கேமரா லென்ஸுக்கு உள்பக்கம் பனி பிடித்தது போலத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

கடல் நீர் எல்லாவற்றிலும் மோசம். லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு. மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ அலையில் விழுந்து எடுத்தால், ஐபி தரமுள்ள போனாக இருந்தால், அணைத்த கையோடு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம்; நீங்கள் கழுவுவது உப்பை. ஐபி தரம் இல்லாத போனுக்கு இந்த அலசலை வீட்டில் செய்யாமல், பேட்டரியைக் கழற்றிய பின் கடையில் செய்ய வேண்டும். மணி கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும் என்பதால் அன்றைக்கே போக வேண்டும். டீ, காபி, இளநீர், பாயசம் எல்லாம் இதே வகைதான். பாலும் சர்க்கரையும் காய்ந்தால் பிசினாக ஒட்டிக்கொள்ளும், காயவைத்துப் பிரயோஜனமே இல்லை. வாஷிங் மெஷினில் துணியோடு சுற்றிய போனுக்குச் சோப்புதான் வில்லன். சோப்பு கலந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். வெள்ளத் தண்ணீரையும் இதில் சேர்க்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், அதே 2023-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோதும், வீட்டுக்குள் வந்த தண்ணீரில் சாக்கடையும் சேறும் கலந்திருந்தது. அப்படி நனைந்ததைக் காயவைத்து ஆன் செய்வதில் அர்த்தமே இல்லை. கழுவித்தான் ஆக வேண்டும்.

கடையில் என்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் நல்ல ஆளை அடையாளம் காணலாம். பின்கண்ணாடியை மிதமான சூட்டில் இளக்கித் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைத் தூக்கிவிடுவது. அப்புறம் ஸ்க்ரூ கழற்றி போர்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். போர்டின் மேல் சிப்புகளை மூடிய சின்னச் சின்னத் தகட்டு மூடிகள் இருக்கும். தண்ணீர் அவற்றுக்குக் கீழேதான் ஒளிந்துகொள்ளும். மூடியைத் தூக்கினால் சார்ஜிங் கனெக்டர் பக்கம் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதும், பவர் ஐசியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் லென்ஸில் தெளிவாகத் தெரியும். பச்சை என்றால் செம்பு அரிக்க ஆரம்பித்துவிட்டது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போர்டை நனைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்து எடுப்பார்கள். நல்ல கடைகளில் ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசானிக் கிளீனர் இருக்கும். சிப்புக்கு அடியில் பிரஷ் போகாத இடத்துக்கு அது போகும். கேமரா, டிஸ்ப்ளே, பேட்டரி மூன்றையும் அதில் போடக்கூடாது. பெயிண்ட் தின்னர் ஊற்றிக் கழுவுகிற கடை என்றால் போனை வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். அது பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்றுவிடும்.

கழுவிக் காயவைத்த போர்டை நேரே பேட்டரியில் மாட்டி ஆன் செய்ய மாட்டார் விஷயம் தெரிந்தவர். டிசி பவர் சப்ளை என்ற மேஜைக் கருவியிலிருந்து மின்சாரம் கொடுத்து மீட்டரைப் பார்ப்பார். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே முள் நகர்ந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது (லீக்கேஜ்). எங்கே என்று தேட ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். போர்டின் மேல் ரோசின் (சாலிடர் வேலைக்குப் பயன்படும் பிசின்) புகையை லேசாகப் படியவிடுவார்கள், வெள்ளையாக மூடிக்கொள்ளும். குறைந்த வோல்ட்டேஜைச் செலுத்தினால் ஷார்ட் ஆன பாகம் மட்டும் சூடாகும். அந்த இடத்தில் ரோசின் உருகி, வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பெரும்பாலும் அது கடுகைவிடச் சின்ன ஒரு கெப்பாசிட்டர். அதை எடுத்துவிட்டால் செத்ததாக நினைத்த செட் எழுந்துவிடும். போர்டு டெட், மாற்றினால்தான் உண்டு என்று ஒருவர் சொன்னதும் நம்பிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதில் ஒரு விஷயம். சாதாரண வாரண்டியில் தண்ணீர்க் கோளாறு சேராது. நனையவில்லை என்று சொல்லிப் பயன் இல்லை. பல போன்களில் சிம் ட்ரே ஓட்டைக்குள் இருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறிவிடும், முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். தவிர, அங்கே வழக்கமாக போர்டையே மாற்றித் தருவார்கள். போன் திரும்ப வரும், படங்கள் வராது. தண்ணீர்க் கோளாறுக்கும் சேர்த்துத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், வெளியே திறப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்; வெளியே திறந்த போனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். போனா, படமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டிய இடம் இது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் படம் என்றுதான் தோன்றுகிறது.

மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்றைய போன்களில் அது நடக்காது. உள்ளே இருப்பது எல்லாம் ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி அதே போர்டின் பிராசஸரோடு பிணைந்திருக்கிறது. ஆகவே அந்த போர்டே மறுபடி உயிர் பெற்றால்தான் படம் வரும். மெமரி கார்டில் சேமித்திருந்தால் மட்டும் கதை வேறு. கார்டைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து வேறு போனில் போட்டுப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் உங்கள் கணக்கை இன்னொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்தும் பாருங்கள். பேக்கப் ஆன் செய்தது நினைவில்லாமலே பலருக்குப் படங்கள் அங்கே இருக்கும்.

சிம் கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. துடைத்துக் காயவைத்து வேறு போனில் போடுங்கள், பேங்க் ஓடிபி வர வேண்டுமே. யுபிஐ ஆப்பை அந்தப் போனில் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். போனைக் கடையில் விடும்போது சிம்மை அதிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், பின்பக்கம் லேசாகத் தூக்கியது போலத் தெரிந்தால், அமுக்கிப் பார்க்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜில் போடாதீர்கள். போர்டு பிழைத்தாலும் உப்புத் தண்ணீர் பட்ட பேட்டரியை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. ஸ்பீக்கர் மட்டும் மங்கலாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். வலையில் தண்ணீர் நிற்கிறது, காய்ந்தால் சரியாகிவிடும். தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் தண்ணீரைத் தள்ளும் வீடியோக்கள் ஓரளவு வேலை செய்யும், ஆனால் ஸ்பீக்கருக்கு மட்டும்தான். அதற்காகக் காயாத போனை ஆன் செய்யக்கூடாது.

கடைக்காரரிடம் இதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: மழையில் நனைந்தது, எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு ஆன் செய்தேனா, சார்ஜ் போட்டேனா என்ற உண்மையை. அப்புறம், "எனக்கு டேட்டாதான் முக்கியம், போன் பிறகு" என்று. அப்படிச் சொன்னால் அவர் வேலை செய்யும் முறையே மாறும். செட் எழுந்ததும் புது டிஸ்ப்ளே, பேட்டரி என்று செலவு செய்வதற்கு முன், அவருடைய மேஜையிலேயே பழைய டிஸ்ப்ளேயையோ சோதனை டிஸ்ப்ளேயையோ மாட்டச் சொல்லி, உங்கள் பாஸ்வேர்டை நீங்களே போட்டு, படங்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். நனைந்த போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தப் போனைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதை அதன் பிறகு பொறுமையாக யோசிக்கலாம்.